முப்பது சதுர அடி

மூன்று லட்சம் ரூபாய் என் போனுக்குள் வந்து விழுந்தபோது நான் ஓர் அபார்ட்மெண்டின் பின்பக்கம் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன். டேங்கர் லாரி ஓட்டுவது என் வேலை. போர்வெல்லில் நிரப்பிக்கொண்டு வந்து, கட்டடத்துக்கு அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் இறக்க வேண்டும். முழு லோடும் இறங்க இருபது நிமிடம் ஆகும். குழாய் துள்ளாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு அந்த இருபது நிமிடமும் போன் பார்ப்பேன். மெசேஜைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. குழாய் எழும்பிச் சட்டையெல்லாம் நனைத்துவிட்டது.

அது என்னுடைய பணம்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் பெங்களூர் ஓரத்தில், பொம்மசந்திராவில் ஒரு மாடி அறைக்கு லீஸாகக் கொடுத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒத்தி என்பதை இங்கே லீஸ் என்கிறார்கள். பழைய ஆட்கள் போக்கியம் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டுக் குடிபோக வேண்டியது. வாடகை கிடையாது. காலி செய்யும் அன்று கொடுத்த தொகை குறையாமல் திரும்பி வரும். வட்டிக்குப் பதில் வீடு, அவ்வளவுதான் கணக்கு. என் மூன்று லட்சத்தில் பாதி, பிரஸ் மெஷினில் இடது கையின் இரண்டு விரல்கள் போனதற்குத் தொழிற்சாலையில் கொடுத்தது. மீதிப் பாதியைச் சேர்க்கப் பதினோரு வருடம் ஆனது.

ஓனரம்மா வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை இடித்துவிட்டுப் பிஜி, அதாவது கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதி, கட்டப்போகிறாராம். ஓனரம்மா கன்னடக்காரர், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"ரெண்டு மாசம் டைம் கேட்டு வாங்கியிருக்கேன். பேஜார் பண்ணிக்காதீங்க. பணத்தை இன்னிக்கே போட்டுட்டேன், அப்புறம் கையில நிக்காது."

அவர் சொன்னது நியாயம். பணம் கையில் நிற்காது. அவருடைய கையில் நிற்காதது என் கையில் எப்படி நிற்கும் என்பதுதான் எனக்குக் கவலை. நான் பார்த்த புரோக்கர்கள் எல்லோரும் மூன்று லட்சம் என்றதும் சிரித்தார்கள். ஐந்துக்குக் குறைந்து லீஸ் கிடையாது என்றார்கள். ஒருவர், "அந்த ரேட்டுல இப்ப பாத்ரூம்தான் கிடைக்கும், குரு" என்றார். வாடகைக்குப் போகலாம். போனால் என் சம்பளத்தில் பாதி அதற்கே சரியாகிவிடும். முதுகு வலி வந்து லாரியில் ஏற முடியாத மாதம் அந்தப் பாதியும் இருக்காது. ஆகவே இந்த மூன்று லட்சத்தை எங்கே வைக்கிறேனோ அங்கேதான் என் மிச்ச வயது. இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் அந்த விளம்பரம் வர ஆரம்பித்தது. போனுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது. "இனி நீங்களும் ஐடி பில்டிங் ஓனர்" என்று ஒரு பெண் குரல் தமிழில் பேசியது. பெரிய கட்டடம் ஒன்றை ஆயிரக்கணக்கான சின்னப் பங்குகளாக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் டோக்கன் என்று பெயர் வைத்துப் போனிலேயே ஓர் ஆப்பில் விற்கிறார்கள். ஒரு டோக்கன் ஐயாயிரம் ரூபாய். கட்டடத்தில் இருக்கும் கம்பெனிகள் கட்டுகிற வாடகையிலிருந்து நம் டோக்கனுக்கு உரியது மாதாமாதம் நம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் வரும் என்றது அந்தக் குரல்.

எந்த ஊரில் இருந்தாலும் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஏழாம் வகுப்பு பாதியில் லாரியில் ஏறியவன் நான். கிளீனராகப் போய் ஹூப்ளியில் இறங்கினேன். பரோட்டாக் கடை, கோவாவில் ஓட்டல், புனேயில் சென்ட்ரிங் வேலை, திரும்ப ஹூப்ளி. அங்கே ஒரு கல்யாணமும் ஆனது. இரண்டு வருடம் கழித்து அவள் தன் வீட்டாரோடு போய்விட்டாள். போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம், நான் அப்போது நாலு மாதமாக வீட்டுக்கே போகவில்லை. எந்த ஊரிலும் என்னால் மூன்று வருடத்துக்கு மேல் இருக்க முடிந்ததில்லை. பெங்களூரில் மட்டும் இத்தனை வருடம் இருந்ததற்கு முதலில் விரல்கள் காரணம், பிறகு அந்த லீஸ் அறை காரணம். இப்போது இரண்டும் இல்லை. டோக்கன் வாங்கிப் போட்டுவிட்டு மறுபடி கோவா பக்கம் போனால் என்ன? வாடகை பின்னாலேயே வரும்.

அந்த ஆப்பில் தொகையைப் போட்டுப் பார்க்க ஒரு கட்டம் இருந்தது. மூன்று லட்சம் என்று போட்டேன். அறுபது டோக்கன், முப்பது சதுர அடிக்குச் சமம், மாதம் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் என்று காட்டியது. முப்பது சதுர அடி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, அறையில் சாக்பீஸால் ஆறுக்கு ஐந்து என்று ஒரு கட்டம் போட்டேன். உள்ளே பாயை விரித்துப் படுத்துப் பார்த்தேன். படுத்தது போக, ஸ்டவ்வும் ஒரு குடமும் வைக்கலாம். காலை நீட்டினால் கட்டைவிரல் கோட்டில் இடித்தது. மோசமில்லை என்று தோன்றியது. அந்தக் கோட்டை அழிக்காமல் ஒரு வாரம் அதற்குள்ளேயே படுத்தேன்.

விற்கிற கட்டடத்தை மேலேயிருந்து சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோவும் ஆப்பில் இருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி, ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. முன்பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கட்டடத்தின் முன்பக்கமும் எனக்குத் தெரியாது. எங்களைப் பின்பக்க கேட் வழியாகத்தான் விடுவார்கள். வீடியோ பின்பக்கம் திரும்பியதும் சம்ப் மூடியும், கேட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற இரும்புத் தூணும் தெரிந்தன. உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தத் தூணைச் சாய்த்தது நான்தான், ரிவர்ஸ் எடுக்கும்போது. நோய் வந்து ஊரையே மூடுவதற்கு முன்னால் இரண்டு வருடம் நான் அங்கே தண்ணீர் போட்டிருக்கிறேன். அப்போது நாளைக்கு எட்டு லோடு.

விளம்பரத்தில் கட்டடம் முழுவதும் வாடகைக்குப் போய்விட்டதாகப் போட்டிருந்தது. எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சம்ப்பைப் பார்த்துச் சொல்வேன். மனிதன் வேலைக்கு வந்தால் கை கழுவுவான், கக்கூஸ் போவான். டேங்கர்காரனிடம் மறைக்க முடியாது. லீவு நாளில் பஸ் பிடித்துப் போனேன்.

பின்பக்க கேட்டில் குப்பை மூட்டையை இழுத்துக்கொண்டு ஹவுஸ்கீப்பிங் அக்கா வந்தார். நான் லோடு போட்ட காலத்திலிருந்தே அங்கே இருப்பவர், கிருஷ்ணகிரி பக்கம். என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே வைத்தார்.

"யாரது, டேங்கர்ணாவா? லாரி எங்க?"

"லீவு. சும்மா வந்தேன்."

"இங்க சும்மா யாரு வருவா? வேலை செய்யறவங்களே வர்றதில்ல."

"இப்ப எத்தனை லோடுக்கா?"

"ரெண்டு. சில நாளு ஒண்ணு."

"ஆளே இல்லையா?"

"கீழ ரெண்டு மாடியில இருக்காங்க. அதுக்கு மேல எல்லாம் சும்னே கெடக்குது. லைட்டு எரியுது, ஏசி ஓடுது, மனுசன் கெடையாது. வீட்ல இருந்தே வேலை செய்யறாங்களாம். யாரும் போகாத பாத்ரூம நாளைக்கு மூணு வாட்டி கழுவி, கதவு பின்னாடி பேப்பர்ல கையெழுத்து போடறேன். வெச்ச சோப்பு வெச்ச மாதிரியே இருக்குது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு இத்தனை கேள்வி?"

"வாங்கலாமான்னு பாக்கறேன்."

"எத, சோப்பையா?"

"பில்டிங்கை."

அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். போனில் அந்த வீடியோவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகுதான் சிரித்தார்.

"முப்பது அடின்னா நாங்க மாப்பு, பக்கெட்டு வெக்கற ரூமு அவ்ளோதான் இருக்கும். அத வாங்கிக்கோ. மத்தியானம் மூணு பேரு அதுலதான் முட்டி இடிக்க உக்காந்து சாப்டறோம். எங்கள மட்டும் வெரட்டிடாத, ஓனரே."

"வெரட்ட மாட்டேன்."

"சம்பளமும் ஏத்திக் குடு."

சூப்பர்வைசர் கூப்பிட்டதும் மூட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் கேட்டருகே நின்று மேல் மாடிகளைப் பார்த்தேன். பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்காலிகளின் முதுகு மட்டும் வரிசையாகத் தெரிந்தது. முன்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தேன். செக்யூரிட்டி எந்தக் கம்பெனி என்று கன்னடத்தில் கேட்டார். ஒரு கம்பெனியும் இல்லை என்றேன். அப்படியானால் போகச் சொன்னார். போய்விட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் என் மனம் அதை விடவில்லை. இரண்டு மாதத்தில் ஒரு மாதம் முடிந்திருந்தது. பார்த்த அறைகள் எதுவும் கைக்கு எட்டவில்லை. ஆப்பில் என் நம்பரைப் பதிந்து வைத்ததிலிருந்து அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தான். ஊத்தங்கரைப் பையன், வயது இருபத்தைந்து இருக்கும், மரியாதையாகப் பேசுவான். நேரில் வந்தால் எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொன்னான். ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு கட்டடத்துக்கு வரச் சொன்னான். அது அவர்களுடைய ஆபீஸ் இல்லை. பல கம்பெனிகள் மணிக்கணக்குக்கு இடம் எடுத்து உட்காரும் இடம். எங்களுக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு மணி நேரம். பெரிய கட்டடங்களை விற்பவர்களுக்கு உட்காரச் சொந்தமாக ஓர் அறை இல்லையே என்று நினைத்தேன்; எனக்கும் இல்லாததால் கேட்கவில்லை.

தம்பி பால் இல்லாத காப்பி கொண்டுவந்து வைத்தான். நான் லோடு கணக்கைச் சொன்னேன். எட்டு லோடு இருந்த இடத்தில் இரண்டு லோடு என்றால் நாலில் மூன்று பங்கு ஆள் இல்லை என்றேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"தண்ணி லோடை வெச்சு பில்டிங்கை எடை போட்ட மொத ஆளு நீங்கதாண்ணா."

"தப்பா?"

"தப்பில்ல. ஆனா வாடகை தண்ணியில வர்றதில்லண்ணா, அக்ரிமெண்ட்ல வருது. ஆளு வந்தாலும் வரலைன்னாலும் கம்பெனி வாடகை கட்டியே ஆகணும். இத்தனை வருஷம் காலி பண்ண முடியாதுன்னு எழுதியிருக்கும். லாக்-இன்னு சொல்லுவோம். இதுவரைக்கும் ஒரு மாசம்கூட வாடகை நிக்கல."

அது உண்மைதான் என்று எனக்கும் பட்டது. நானும் லாரி ஓடாத நாளுக்கு லாரி முதலாளி பேங்குக்குத் தவணை கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

"அந்த லாக் எப்ப முடியுது?"

அவன் லேப்டாப்பில் தேடினான். "அடுத்த வருஷம் கடைசியில."

"அப்புறம்?"

"ரின்யூ பண்ணுவாங்க."

"யாருமே உக்காராத எடத்தையா?"

"பெரும்பாலும் பண்ணுவாங்கண்ணா." காப்பியை ஒரு வாய் குடித்தான்.

என் பெயர் எந்தப் பத்திரத்தில் வரும் என்று கேட்டேன். கட்டடம் ஒரு கம்பெனியின் பெயரில் பதிவாகியிருக்கிறது, அந்தக் கம்பெனியில்தான் நமக்குப் பங்கு, அதை அழிக்க முடியாத ஒரு கம்ப்யூட்டர் பேரேட்டில் எழுதுவார்கள் என்றான். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் அதைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா என்றேன். அதற்கான விதிமுறைகள் வந்துகொண்டிருக்கின்றன என்றான். எங்கிருந்து வந்துகொண்டிருக்கின்றன என்று கேட்கத் தோன்றியது. பாவம், அவன் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவன்.

பிறகு, எனக்குச் சந்தேகமே இல்லாத ஒரு விஷயத்தைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அஞ்சு வருஷம் முடிஞ்சதும் மூணு லட்சத்தை நீங்க குடுப்பீங்களா, இல்ல பில்டிங்காரங்க குடுப்பாங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. "எந்த மூணு லட்சம்ணா?"

"நான் குடுக்கறது."

"அத யாரும் திருப்பிக் குடுக்க மாட்டாங்கண்ணா. உங்க டோக்கனை வேற யாருக்காவது விக்கணும். அன்னிக்கு என்ன ரேட்டோ அது. வாங்க ஆளு வந்தா உடனே வித்துடலாம்."

"வரலைன்னா?"

"வெயிட் பண்ணணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இது லீஸ் இல்லண்ணா."

ஒரு மாதமாக நான் அதை லீஸாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு, கட்டடத்துக்காரனிடம் மொத்தமாகப் பணம் கொடுப்பது என்றால் அது ஒருநாள் குறையாமல் திரும்பி வரும் என்று ரத்தத்திலேயே ஊறிவிடுகிறது. அந்த ஆப்பில் ஐந்து வருடம் என்று ஓர் இடத்தில் பார்த்ததும் மீதியை என் மனமே எழுதிக்கொண்டது. அந்த முப்பது அடிகூடக் கட்டடத்தில் குறிப்பிட்ட ஓர் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். எந்த மாடி என்று கேட்க ஒரு கேள்வியை வேறு தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை.

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாதி போட்டுப் பார்க்கலாம் என்றேன். பாதி போட்டால் மிச்சத்துக்கு எந்த லீஸும் கிடைக்காது, அறை என்பது இனிமேல் இல்லை, பிஜியில் ஒரு கட்டில்தான் என்பது தெரிந்தேதான் சொன்னேன். என்னைத் தள்ளியது பணக்கணக்கு இல்லை. ஒன்றும் இல்லாமல் கிளம்பிப் போவது எனக்குப் பழகிய வேலை. பழகிய வேலையை மனிதன் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறான்.

தம்பி என் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டான். ஆதார், பான் கார்டு. போன் என் முகத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினேன். தலையை இடது பக்கம் திருப்பச் சொன்னது, திருப்பினேன். கடைசியில் ஒரு பக்கம் வந்தது.

"நாமினி யாருண்ணா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா டோக்கன் யாருக்குப் போகணும்?"

"எனக்கு என்ன ஆகும்?"

"சும்மா, ஃபார்முக்கு. அண்ணி பேரு போட்டுரலாமா?"

"அண்ணி இல்ல."

"புள்ளைங்க? தங்கச்சி, தம்பி?"

கொஞ்சம் இரு என்று போனை வாங்கினேன். அதில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். போர்வெல் ஷெட். லாரி முதலாளி. பஞ்சர். டீசல். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி ஒன்று, இரண்டு, மூன்று. ஆஸ்பத்திரி லோடு. கல்யாண மண்டபம் லோடு. மெக்கானிக். கேஸ். ஓனரம்மா. நூற்றுக்கு மேல் இருந்தது. எல்லாம் தண்ணீர் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள், அல்லது லாரி நின்றால் நான் கூப்பிடுகிறவர்கள். மனிதர்களின் பெயரை நான் பதிவதே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். ஊரில் ஓர் அண்ணன் இருந்தார். இருக்கிறாரா என்று தெரியாது.

"உன் பேரையே போட்டுக்கோயேன்" என்றேன்.

தம்பி சிரித்தான். "வேலை போயிடும்ணா." பிறகு திரையில் கீழே இருந்த ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினான். "யாரும் இல்லைன்னா பிரச்சினை இல்ல. இத டிக் பண்ணிட்டா போதும். நெறைய பேரு அப்படித்தான் பண்றாங்க."

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், எனக்கு நாமினி யாரும் இல்லை, நானே முடிவு செய்து சொல்கிறேன் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். காலியான மாடிகளைப் பார்த்தும் நான் பயப்படவில்லை. பணம் திரும்பி வராது என்று கேட்டும் எழுந்து போகவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் விரலை வைக்க மட்டும் முடியவில்லை. அதில் ஒன்றும் பொய் இல்லை. நான் செத்தால் அந்த டோக்கன் பாட்டுக்கு மாதாமாதம் என் கணக்கில் பணம் போட்டுக்கொண்டே இருக்கும். நான் உயிரோடு இருக்கும்போது போட்டதைப் போலவே போடும். அதற்கு வித்தியாசம் தெரியாது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எங்கள் ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. அடுத்த ஆட்கள் லேப்டாப்போடு நின்றார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து, லோடு முடிந்ததும் லாரியை நிறுத்திவிட்டு, புரோக்கர் இல்லாமல் தெருத்தெருவாக நடந்து அறை தேடினேன். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை கிடைத்தது. குளியலறை மாடிப்படிக்குக் கீழே, பொதுவில். மழைக்கு ஒரு மூலை ஒழுகும் என்று ஓனரே சொல்லிவிட்டார். மகள் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டிய அவசரம் அவருக்கு. அதனால்தான் மூன்று லட்சத்துக்குச் சம்மதித்தார். முத்திரைத்தாளில் இரண்டு கையெழுத்து. இதிலும் ஏமாற்று உண்டு. லீஸ் பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்டு, வீட்டைப் பேங்கில் வைத்து, கடைசியில் குடியிருப்பவனை நடுத்தெருவில் விட்ட கதைகள் எனக்கு நாலைந்து தெரியும். ஓனரிடம் காலேஜ் பீஸ் ரசீதைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

ஊத்தங்கரைத் தம்பி ஒருநாள் கூப்பிட்டான். குழாயை மிதித்துக்கொண்டே பேசினேன்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் டோக்கன்தான் இருக்கு. என்ன முடிவு பண்ணீங்க?"

"லீஸுக்குக் குடுத்துட்டேன் தம்பி."

அவன் வற்புறுத்தவில்லை. "எவ்ளோண்ணா?" என்றான்.

"மூணு."

"மூணுக்கா? வாடகையே இல்லாமயா? நான் பிஜியில மூணு பேரோட ஒரு ரூமுக்கு மாசம் ஒம்பதாயிரம் கட்டறேன்."

"நீ உன் டோக்கன் வாங்கலையா?"

"நான் எங்கண்ணா வாங்கறது." பின்னால் யாரோ அவனை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். "சரிண்ணா, வெச்சிடறேன்."

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. மெசேஜ் மட்டும் வந்துகொண்டிருந்தது, அது அவன் அனுப்புவதில்லை என்று நினைக்கிறேன். அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

புது வீட்டில் ஐந்து குடித்தனம், ஒரே தண்ணீர்த் தொட்டி. மோட்டார் போட்டு நிறுத்துவது ஆளுக்கு ஒருநாள் முறை. எனக்கு வியாழக்கிழமை. மற்றபடி யாரோடும் எனக்குப் பேச்சு இல்லை. படியேறும்போது கதவுகள் சாத்தியிருக்கும். டிவி சத்தம் கேட்கும், குக்கர் சத்தம் கேட்கும். மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வரும் பெண்கள் நான் இருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. தனியாக இருக்கிற ஆண், விரல் வேறு இல்லை.

மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்தது. லாரி முதலாளிக்குப் போன் செய்து வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டுப் படுத்தேன். முதல் நாள் பிரெட் தின்றேன். மறுநாள் அதுவும் முடியவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே பகலில் அடுப்பு மாதிரி இருந்தது. என்ன கிழமை என்பதே மறந்துவிட்டது. கதவை யாரோ தட்டினார்கள். மெதுவான தட்டல் இல்லை, செருப்பால் தட்டுகிற மாதிரி இருந்தது. ஓனரின் மனைவி.

"டேங்கர்காரரே, உசிரோட இருக்கீங்களா இல்லையா?"

"இருக்கேன்" என்றேன். குரல் வெளியே போனதா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"இருந்தா மோட்டார் போடறதில்லையா? அஞ்சு வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. இன்னிக்கு உங்க நாளு."

கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள்.

"காச்சலா?"

"ஆமா."

"சொல்லக்கூடாதா? வாயி இல்ல?" என்றார். பிறகு, "அந்த சுவிட்சு ஷாக் அடிக்குது, ஆம்பளைங்க யாரும் இப்ப வீட்டுல இல்ல, எங்களுக்குப் பயம். வந்து போட்டுட்டுப் போய்ப் படுங்க" என்று இறங்கிப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய் மோட்டாரைப் போட்டேன். போட்டவர்தான் நிறுத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம் ஆனது. வீடுகளுக்குள் குழாய்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரும் வரவில்லை. மேலே தண்ணீர் வழிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறினேன்.